ஷிபோலேத்: தெரிந்தும் மாட்டிவிடும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்சி தன் பழைய ‘ஷிபோலேத்’களை இன்னும் விடவில்லை என்று ஒரு வரி. அகராதியில் ‘அடையாளச் சொல்’ என்று இருக்கிறது. அப்படியே போட்டால் வரி விளங்கவில்லை. ‘கடவுச்சொல்’ என்று எழுதலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

கடவுச்சொல் வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டால் எவனும் உள்ளே போய்விடலாம். ஷிபோலேத் தெரிந்தவனையும் மாட்டிவிடும்.

கதை விவிலியத்தில், நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கீலேயாத்தியரும் எப்பிராயீமியரும் இஸ்ரவேலரிலேயே இரு பிரிவினர். கீலேயாத்தியரிடம் தோற்று ஓடிய எப்பிராயீமியர் ஊர் திரும்ப யோர்தான் ஆற்றைக் கடந்தாக வேண்டும். துறையில் கீலேயாத்தியர் நிற்கிறார்கள். “நீ எப்பிராயீமியனா?” என்றால் எல்லாரும் “இல்லை” என்பார்கள். அதனால் “ஷிபோலேத் சொல்” என்றார்கள். எப்பிராயீமியர் நாக்கில் அந்த ‘ஷி’ வராது. “சிபோலேத்” என்று வந்தால் வெட்டு. 42,000 பேர் விழுந்தார்கள் என்கிறது அந்த வசனம். எபிரேயத்தில் ‘ஷிபோலேத்’ தானியக் கதிரைக் குறிக்கும். நீரோட்டம் என்றும் பொருளுண்டு. ஆற்றங்கரை என்பதால் இரண்டாவதுதான் சரி என்று வாதிடுவார்கள். அங்கே யாரும் பொருளைக் கேட்கவில்லையே!

நம்மவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1983 இலங்கைக் கலவரத்தில் வழிமறித்தவர்கள் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலெழுத்து ‘பஸ்’ஸில் வரும் ப, ‘பல்’லில் வரும் ப அல்ல. தனித்தமிழ்ச் சொல் எதுவும் அந்த ஒலியில் தொடங்காது. பதற்றத்தில் நாக்கு பழகிய இடத்துக்கே போய்விடும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் உச்சரிப்பிலிருந்து மெல்ல நகர்ந்து, உடை, பழக்கம், பேச்சு என்று ‘இவன் நம்மவனா’ என்று காட்டும் எதற்கும் ஆகிவந்தது. பிறகு, கட்சிக்காரன் என்று காட்டிக்கொள்ளவே திரும்பத் திரும்பச் சொல்லி அர்த்தம் தேய்ந்துபோன கொள்கை வாசகத்துக்கும் வந்தது. உங்கள் தலையங்கத்தில் இருப்பது இந்தக் கடைசிப் பொருள். ‘தேய்ந்துபோன பழைய கோஷங்களைக் கட்சி இன்னும் விடவில்லை’ என்று எழுதுங்கள். ‘பழைய பல்லவி’ காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதில் சலிப்புதான் இருக்கிறது, ‘சொன்னால்தான் நீ நம்ம ஆள்’ என்ற கெடுபிடி இல்லை.

கட்டுரையில் வேறெங்காவது உச்சரிப்பை வைத்து ஆளைப் பிரிப்பது பற்றி வந்தால் அங்கே கோஷம் ஒட்டாது. ‘ஷிபோலேத்’ என்றே விட்டு, ஒரு வரி விளக்கம் சேருங்கள். தமிழ் விவிலியத்தின் எழுத்துக்கூட்டலும் அதுவே.