காக்கியைக் கழற்றிவிட்டு ரசமட்டம் எடுக்கலாமா?

கேள்வி: 1999-ல் இரண்டாம் நிலைக் காவலராகப் பணியில் சேர்ந்தேன், இப்போது சிறப்பு உதவி ஆய்வாளர். வயது 47. அடிப்படைச் சம்பளம் ரூ.56,000, அகவிலைப்படி 58 சதவீதம். ஜி.பி.எஃப்.பில் (பொது வருங்கால வைப்பு நிதி) 4 லட்சமும், 240 நாள் ஈட்டிய விடுப்பும் இருக்கின்றன. வீட்டுக்கடன் பாக்கி 14 லட்சம், மாதத் தவணை ரூ.19,000. கணவர் தனியார் வேலையில் இருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். விருப்ப ஓய்வு பெற்று, புது ஃபிளாட் வாங்குபவர்களுக்காக வீட்டைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் தொழிலைத் தொடங்க நினைக்கிறேன். ஒரு நிறுவனம் 6 லட்சம் கட்டினால் கிளை உரிமை தருவதாகவும், வீட்டுக்கு ரூ.7,000 கிடைக்கும் என்றும் சொல்கிறது. கம்யூட்டேஷன் தொகையை, அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பணத்தை, அதில் போடலாமா? – வாசகி, தாம்பரம்.

பதில்: வேலையை விடலாம். ஆனால், அந்த 6 லட்சத்தைக் கட்ட வேண்டாம், கம்யூட்டேஷனுக்கும் அவசியம் இல்லை. இந்த மூன்றையும் ஒரே முடிவாக நீங்கள் கட்டிவைத்திருப்பதால்தான் கணக்கு குழப்பமாகத் தெரிகிறது.

முதலில் உங்கள் பலம். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே சேர்ந்துவிட்டதால் நீங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறீர்கள். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். உங்களுக்கு 26 ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. விருப்ப ஓய்வில் செல்பவர்களுக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை கூடுதல் பணிக்காலம் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதால் அந்த நான்கு ஆண்டுக் குறை நிரம்பிவிடும். ஆகவே, கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியான ரூ.28,000-மும் அதற்குரிய அகவிலைப்படி ரூ.16,240-மும் சேர்ந்து மாதம் ரூ.44,240 வரும். இன்று அடிப்படையும் அகவிலைப்படியுமாக நீங்கள் வாங்குவது ரூ.88,480. சரியாகப் பாதி குறைகிறது.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. 60 வயது வரை இருந்தால், ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ ரூ.80,000 ஆகியிருக்கும், ஓய்வூதியமும் ரூ.40,000-ஐ நெருங்கியிருக்கும். அந்த ரூ.12,000 வித்தியாசம் ஆயுள் முழுக்கத் தொடரும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

இனி மொத்தத் தொகை. பணிக்கொடை என்பது முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கால் மாதச் சம்பளம். உங்களுக்கு 52 அரையாண்டுகள், அதாவது 13 மாதச் சம்பளம், சுமார் 11.5 லட்சம். விடுப்பை ஒப்படைப்பதில் 7 லட்சம், ஜி.பி.எஃப். 4 லட்சம். அரசு ஊழியர் என்பதால் இவற்றுக்கு வருமான வரி கிடையாது. கம்யூட்டேஷனைத் தொடாமலேயே ஏறத்தாழ 22.5 லட்சம் கைக்கு வருகிறது. இதில் முதல் வேலை, 14 லட்சம் வீட்டுக்கடனை ஒரே தவணையில் அடைப்பது. இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன்; காரணம், தொழில் எத்தனை வீடுகளைப் பார்த்தாக வேண்டும் என்பதை இந்தக் கடன்தான் தீர்மானிக்கிறது.

நீங்கள் சொன்ன ரூ.7,000-ல் உடன் வரும் உதவியாளருக்கு ரூ.1,500, பயணம், விளம்பரம் என்று ரூ.1,000 போனால் கையில் நிற்பது ரூ.4,500. சம்பளத்தில் குறையும் ரூ.44,240-ஐ ஈடுகட்ட மாதம் பத்து வீடுகள் வேண்டும். கடன் அடைந்து ரூ.19,000 தவணை நின்றுவிட்டால் ஈடுகட்ட வேண்டியது ரூ.25,240 மட்டுமே, ஆறு வீடுகள் போதும். அறிமுகம் இல்லாத ஒருவருக்கு மாதம் பத்து வீடுகள் என்பது தூக்கத்தைக் கெடுக்கும் எண். ஆறு என்பது ஓராண்டில் எட்டக்கூடிய எண்.

கம்யூட்டேஷனில் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ரூ.9,333-ஐ, 15 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள், மொத்தம் 16.8 லட்சம். இதை இலவசப் பணம் என்று நம் அலுவலகங்களில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது உங்கள் ஓய்வூதியத்தின் மீது நீங்களே வாங்கும் கடன். கடன் வாங்கிக் கிளை உரிமை எடுக்கச் சொன்னால் எடுப்பீர்களா? அதுவும், வீட்டைச் சோதித்துச் சொல்லும் இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் தனி உரிமச் சட்டமே இல்லாதபோது, அவர்கள் விற்பது பெயர்ப்பலகையைத்தான்.

பெயர்ப்பலகையை விட மதிப்புள்ள ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்வை மகஜரும் (அங்கே கண்டதைப் பதிவு செய்யும் குறிப்பு) மாதிரி வரைபடமும் எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்! எந்த அறை, எந்தத் திசைச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் என்ன இருந்தது என்று கண்டதை மட்டும் எழுதும் அந்தப் பழக்கம்தான் இந்த அறிக்கையின் உயிர். என் வீட்டை வாங்கும்போது சோதிக்க வந்தவர் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலைகளையும் நடுவையும் தட்டிக்கொண்டே போனார். பொக்கென்று சத்தம் வந்த இடங்களில் சாக்பீஸால் குறியிட்டார். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்; பத்து நிமிடம் கழித்தும் வாசற்படியோரம் தண்ணீர் தேங்கி நின்றது. இவை பற்றி அவர் அறிக்கையில் எழுதிய இரண்டு வரிகளும் படங்களுமே பில்டரைத் திரும்ப வேலை செய்ய வைத்தன.

இந்த அறிக்கைக்குச் சந்தை இருப்பதற்குக் காரணமும் இதுதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுமான நிறுவனத்தின் பொறுப்பு. அதே சமயம், தூணில் விரிசல், பீம் தொய்வு போன்றவற்றில் உங்கள் கருத்து செல்லாது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வேண்டும். மற்ற கட்டுமான விஷயங்களுக்கு, சிவில் டிப்ளமோ படித்த ஒருவரை வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீதமுள்ள 8.5 லட்சத்தில் 5 லட்சத்தை மகளின் கல்லூரிச் செலவுக்கும் அவசரத்துக்குமாக வங்கி வைப்பில் வையுங்கள். ஓய்வுப் பணம் என்றதும் எல்லோரும் சொல்லும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 47 வயதில் நீங்கள் சேர முடியாது. தொழிலுக்கு ஒதுக்குவது 1.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தளம் சமமாக இருக்கிறதா என்று காட்டும் ரசமட்டம், சுவரின் ஓதம் அளக்கும் கருவி, லேசர் அளவி, சாக்கெட் டெஸ்டர், நல்ல டார்ச் ஆகியவை முதலில் போதும். தெர்மல் கேமராவைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம். அறிக்கையில் தவறு என்று யாராவது இழப்பீடு கேட்டால் கைகொடுக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு ஒன்று கட்டாயம். மீதி கைக்காவலாக இருக்கட்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை.

பில்டரிடமோ புரோக்கரிடமோ கமிஷன் வாங்காதீர்கள். ‘ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ.’ என்பதை விசிட்டிங் கார்டில் பெரிதாகப் போட்டு மிரட்டவும் வேண்டாம். வாங்குபவருக்கு வேண்டியது அறிக்கை, பஞ்சாயத்து அல்ல.

விண்ணப்பத்துக்கு முன், 3(பி) குற்றக் குறிப்பாணையோ (பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை) வேறு விசாரணையோ நிலுவையில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் விருப்ப ஓய்வு அங்கேயே நின்றுவிடும். பணி சரிபார்ப்பு முடிந்து தகுதிப் பணி 26 ஆண்டுகள் என்று பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பணியில் இருக்கும்போது உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இந்தத் தொழிலை நடத்துவது நடத்தை விதிகளின்படி சிக்கலாகும். ஆனால், கட்டணம் வாங்காமல் கற்றுக்கொள்வதற்குத் தடையில்லை. வார ஓய்வு உண்மையில் கிடைக்கும் நாட்களில், சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் வாங்கும் புது வீடுகளுக்குப் போய்ச் சோதித்து அறிக்கை எழுதி, ஒரு சிவில் இன்ஜினீயரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அப்படிப் பத்து அறிக்கைகள் எழுதிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், மூன்று மாத நோட்டீஸைக் கொடுங்கள்.