போலந்துப் பொம்மலாட்ட நடிகர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தில் பொம்மலாட்ட நடிகர் என்பது மாதச் சம்பள வேலை என்று ஓர் உரையில் சொன்னீர்கள். மேடை நாடகத்தில் இடம் கிடைக்காதவர்கள்தான் அங்கே ஒதுங்குகிறார்களா? எப்படி நுழைகிறார்கள், என்ன பயிற்சி?

ர., கோவை

அன்புள்ள ர.,

அப்படி ஒதுங்குகிறவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நாடக நடிப்பு முழுவதையும் படித்துவிட்டு, அதன்மேல் இன்னொரு கைத்தொழிலையும் படிக்க வேண்டும். எளிதென்று நம்பி வருகிறவர் திணறுவது இதனால்தான்.

படிப்புக்கு முக்கியமான இடங்கள் இரண்டு. பியாவிஸ்தோக் நகரில் வார்சா நாடகக் கழகத்தின் கிளை. அங்கே பொம்மலாட்டத் துறை 1975இல் தொடங்கியது. வ்ரோத்ஸ்வாஃபில் கிராகோவ் நாடகக் கழகத்தின் கிளை. நுழைவுத் தேர்வில் கவிதை, உரைநடை, பாட்டு எல்லாம் கேட்பார்கள். குரல் சரியில்லாவிட்டால் கை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இந்தக் கழகங்களில் படிக்காமல் நாடக அரங்கிலேயே வேலை பழகியவர்கள், நடிகர் சங்கம் நடத்தும் தேர்வை வெளியிலிருந்து எழுதித் தகுதி பெறுவதும் உண்டு.

முதலில் கையுறைப் பொம்மை, அவர்கள் மொழியில் பத்சின்கா. ஆட்காட்டி விரல் தலைக்குள். கட்டைவிரலும் நடுவிரலும் பொம்மையின் கைகளுக்குள். முன்கை செங்குத்தாக நிற்க வேண்டும். சில நிமிடங்களில் தோள் சோரும், முழங்கை இறங்கும், பொம்மை மெல்லத் தரைக்குள் புதைவதுபோல, நடிகர் ஒளிந்து நிற்கும் மறைப்புக்குக் கீழே போய்விடும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது; முன்வரிசைக் குழந்தை உடனே சொல்லிவிடும். இன்னொரு பிழை பார்வை. மணிக்கட்டு தளர்ந்தால் தலை பின்னால் சாய்ந்து பொம்மை கூரையைப் பார்க்கும். பார்வையாளர் கீழே உட்கார்ந்திருப்பதால் தலையைச் சற்று முன்னால் கவிழ்த்தே பிடிக்க வேண்டும். வசனத்தின் ஒவ்வொரு அசைக்கும் பொம்மையைத் தலையாட்ட வைப்பது புதியவரின் நோய்: மேடையில் மூன்று பொம்மைகள் இருந்தால் பேசுவது எதுவென்றே புரியாது. பேசுவது அசைய வேண்டும், கேட்பது அசையாமல் கேட்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

அடுத்தது யவாய்கா, ஜாவாப் பாணிக் கோல் பொம்மை. நடுக்கோல் கபித், கைக்கோல்கள் செம்புரித். பெயர்களும் ஜாவாவிலிருந்து வந்தவையே. ஒரு கை நடுக்கோலைத் தலைக்கு மேல் தாங்க, மறு கை இரண்டு கைக்கோல்களையும் விரல்களுக்கிடையே பிரித்துப் பிடிக்கும். கோல்கள் மோதினால் சத்தம் அரங்கம் வரை கேட்கும். பொம்மையின் எடை முழுவதும் ஒரே தோளில் இறங்குவதால், இந்தத் தொழிலின் தேய்மானமும் அங்கேதான் தொடங்குகிறது. 1950களில் சோவியத் கலைஞர் ஒப்ரஸ்த்சோவின் செல்வாக்கால் இது எங்கும் பரவியது. பிறகு நடிகர்கள் மறைப்பை விட்டு வெளியே வந்து, பொம்மையோடு தாங்களும் தெரியும்படி நடிக்கத் தொடங்கினார்கள். அதனால் இன்று முகமும் உடலும்கூடத் தேர்ச்சி பெற வேண்டும். பழைய பாணிக்காரர்களில் பலருக்கு இது சங்கடமாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வேலை பெரும்பாலும் நகராட்சிப் பணத்தில் நடக்கும் நிரந்தரக் குழுக்களில். கிராகோவின் க்ரொதெஸ்கா 1945இலும், பியெல்ஸ்கோ-பியாவாவின் பனியலுகா 1947இலும் உருவானவை. வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைக் காட்சிகள், வார இறுதியில் குடும்பங்களுக்கு, நடுவில் ஒத்திகை. நேற்று இரவு எவ்வளவு நேரம் ஆனாலும் காலையில் குரல் தயாராக இருக்க வேண்டும். வெளியூர்க் காட்சியென்றால் பொம்மைகளும் மறைப்பும் வண்டியில் கூடவே போகும்.

புகழ் குறைவுதான். 1966 முதல் பியெல்ஸ்கோ-பியாவாவில் நடக்கும் சர்வதேச விழா போன்ற இடங்களில் சக கலைஞர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள். தோள் ஒத்துழைக்காத வயதில் சிலர் கற்பிக்கப் போகிறார்கள், சிலர் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். இயக்குநராக விரும்புகிறவர்களுக்குப் பியாவிஸ்தோக்கில் தனிப் படிப்பே இருக்கிறது.