மரத்தூள் சீஸும் பின்பக்க லேபிளும்

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்கு டாலஸ் வந்திருக்கிறேன். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. உட்கார்ந்து விநோதச் செய்திகளாகப் படித்துத் தள்ளுகிறேன். பார்மேசான் சீஸ் (இத்தாலிய வகைக் கெட்டி சீஸ்) என்ற பெயரில் மரத்தூள் விற்கிறார்களாம். அமெரிக்க அரசாங்கம் மிசௌரியில் குகைக்குள் 140 கோடி பவுண்டு சீஸைப் பதுக்கி வைத்திருக்கிறதாம். மாதா முகம் தெரிந்த சீஸ் டோஸ்ட் 28,000 டாலருக்கு விலை போனதாம், பத்து வருடம் வைத்திருந்தும் அதில் பூஞ்சையே பிடிக்கவில்லையாம். இதையெல்லாம் நம்பலாமா? மருமகள் வாங்கும் ஆரஞ்சு நிறச் சீஸ் ஸ்லைஸைப் பார்த்தாலே பிளாஸ்டிக் ஞாபகம்தான் வருகிறது. நாங்கள் சைவம் வேறு. இந்த ஊர் சூப்பர் மார்க்கெட் சீஸைச் சாப்பிடலாமா, கூடாதா?

எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

டோஸ்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது 2004-இல் நடந்தது. ஃபுளோரிடாவில் ஒரு பெண்மணி ஈபேயில் விற்றார், ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் விளம்பரத்துக்காக வாங்கியது. பூஞ்சை பிடிக்கவில்லை என்பது விற்றவர் சொன்ன பெருமை. அதை வைத்து அமெரிக்க சீஸின் தரத்தை எடைபோட வேண்டியதில்லை.

மரத்தூள் விஷயம் அப்படியல்ல. பென்சில்வேனியாவில் ஒரு தொழிற்சாலையை 2012-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சோதித்தது. அங்கிருந்து பல கடைகளுக்குத் துருவிய பார்மேசான் போய்க்கொண்டிருந்தது. வழக்கு நடந்து 2016-இல் நிறுவனத்தின் தலைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் கடைகளில் வாங்கிய டப்பாக்களை ஆய்வகத்துக்கு அனுப்பியது. ஒன்றில் 8.8 சதவீதம் செல்லுலோஸ், வால்மார்ட்டின் சொந்தப் பிராண்டில் 7.8 சதவீதம். உலகம் முழுக்க 'மரத்தூள்' என்று தலைப்புப் போட்டார்கள்.

செல்லுலோஸை மரக்கூழிலிருந்து எடுப்பது உண்மைதான். ஆனால் அது எல்லாத் தாவரத்திலும் இருக்கும் நார்ப்பொருள், நீங்கள் காலையில் சாப்பிட்ட கீரையிலும் உண்டு. துருவல் கட்டிதட்டாமல் உதிரியாக இருக்க அதைக் கொஞ்சம் தூவுகிறார்கள். 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் தொழிலில் யாரும் கண்டுகொள்வதில்லை. உடம்புக்குக் கெடுதல் இல்லை. சீஸ் விலைக்கு நாரை வாங்குகிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தத் தொழிற்சாலை செய்த உண்மையான திருட்டு, தலைப்பில் வரவே இல்லை. அரசு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தில் இருப்பது இதுதான்: லேபிளில் பார்மேசான் என்றும் ரொமானோ (இன்னொரு இத்தாலிய வகை சீஸ்) என்றும் போட்டிருக்கிறீர்கள், உள்ளே இருப்பதோ பலவகை சீஸ்களின் வெட்டுத் துண்டுகளும் வேறு பொருட்களும் சேர்ந்த கலவை. மலிவான சீஸ் விலை உயர்ந்த சீஸின் பெயரில் போயிருக்கிறது. மரத்தூள் என்றால் சிரிப்பு வருகிறது, வெட்டுத் துண்டு என்றால் யாருக்கும் வருவதில்லை. விநோதச் செய்தி ஓடுவதே இப்படித்தான்.

இதன் தொடர்ச்சி இன்னும் வேடிக்கை. '100% துருவிய பார்மேசான் சீஸ்' என்று போட்டு ஏமாற்றினார்கள் என வாடிக்கையாளர்கள் கடைகள் மீதும் நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். 2017-இல் சிகாகோ நீதிபதி ஒருவர் தள்ளுபடி செய்தார். நூறு சதவீதம் என்பது பார்மேசானுக்கா, துருவியதற்கா, தெளிவாக இல்லையாம்! சந்தேகம் வந்தால் பின்னால் திருப்பிப் பொருட்பட்டியலைப் படித்திருக்கலாமே என்றார். 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஜனங்கள் பின்னால் பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விடமுடியாது என்றது. எனக்கு இரண்டாவது தீர்ப்புதான் நியாயமாகப் படுகிறது. ஆனாலும் கடையில் நிற்கும்போது முதல் நீதிபதி சொன்னபடி நடப்பதே நமக்கு லாபம்.

குகையும் பாதி உண்மை. மிசௌரியின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைக் குளிர்பதனக் கிடங்காக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 140 கோடி பவுண்டு என்பது நாடு முழுவதும் குளிர்கிடங்குகளில் உள்ள மொத்த இருப்பு. வேளாண்துறை மாதாமாதம் எடுக்கும் கணக்கு அது. பெரும்பகுதி தனியார் சரக்கு. அரசாங்கம் நிஜமாகவே சீஸைக் குவித்தது எழுபதுகளின் கடைசியில். பால் விவசாயிகளுக்கு விலை ஆதரவு கொடுக்கிறேன் என்று 1977-க்குப் பிறகு கார்ட்டர் அரசு வாங்க ஆரம்பித்தது, வாங்க வாங்கப் பண்ணைகள் இன்னும் கறந்தன. 1981-இல் 50 கோடி பவுண்டுக்கு மேல் தேங்கிவிட்டது. வேளாண் அமைச்சர் ஜான் பிளாக் பூஞ்சை பிடித்த சீஸ் கட்டி ஒன்றைப் பத்திரிகையாளர்களிடம் தூக்கிக் காட்டினார். அந்த டிசம்பரில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ரீகன் உத்தரவிட்டார். ஐந்து பவுண்டுக் கட்டிகளாக வந்த அந்த ரேஷன் சீஸின் ருசியை இன்றைக்கும் சிலாகிக்கும் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஆரஞ்சு ஸ்லைஸ். செடார் என்கிற சாதாரணக் கட்டி சீஸ் சூடானால் எண்ணெய் தனியாகப் பிரிந்து திரிந்துபோகும். ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் சீஸைச் சூடாக்கிக் கிளறிக் கெடாமல் டப்பாவில் அடைக்கும் முறைக்கு 1916-இல் காப்புரிமை வாங்கினார். இன்று சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். சீஸின் புரதத்தை இறுக்கிவைத்திருக்கும் கால்சியத்தை அவை பிடித்துக்கொள்வதால் கொழுப்பு பிரியாமல் வழுவழுவென்று உருகுகிறது. (சோடியம் சிட்ரேட்டின் வாய்பாட்டில் எண்களை விட்டுவிட்டுக் குறியீடுகளை மட்டும் சேர்த்துப் படித்தால் 'நாச்சோ' என்று வரும், உருகிய சீஸோடு தின்னும் சோளச் சிப்ஸின் பெயர் அது. தற்செயல்தான்.) நம் ஊரில் குழந்தைகளுக்குப் பாசமாகக் கொடுக்கும் அமுல் சீஸும் இதே ஜாதி, சோடியம் சிட்ரேட் அதிலும் உண்டு. நிறம் அன்னாட்டோ என்ற செடியின் விதையிலிருந்து வருகிறது. அதனால் பிளாஸ்டிக் பயம் வேண்டாம்.

தரம் என்று பார்த்தால், இந்த வகையில் பெயர் நீள நீள உள்ளே சீஸ் குறையும். 'பிராசஸ் சீஸ்' என்றால் சீஸை உருக்கிச் செய்தது. 'பிராசஸ் சீஸ் ஃபுட்' என்றால் 51 சதவீதம் சீஸ் இருந்தால் போதும். 'பிரிப்பேர்ட் சீஸ் பிராடக்ட்' என்பதற்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது. 2002-இல் கிராஃப்ட் நிறுவனத்தின் 'சிங்கிள்ஸ்' ஸ்லைஸில் பால்புரதச் செறிவைச் சேர்த்ததால் 'சீஸ் ஃபுட்' என்று போடக்கூடாது என அரசு கடிதம் அனுப்பியது. அதன்பிறகு வந்த பெயர்தான் இந்தப் 'பிராடக்ட்'. என் அபிப்பிராயம், தோசைமேல் போட்டு உருக்க ஸ்லைஸைவிட நல்லது இல்லை. தனியாகத் தின்றால் உப்பும் மென்மையும்தான் மிஞ்சும்.

ஆனால் அதே கடையில், அதே குளிர்பெட்டியில், இரண்டு கை தள்ளி விஸ்கான்சின் செடாரும் வெர்மான்ட் செடாரும் கட்டியாகக் கிடக்கும். லேபிளில் பால், நுண்ணுயிர், உப்பு, நொதி என்று நாலே பொருள். ஒரு வருடத்துக்குமேல் முதிரவைத்ததாக வாங்குங்கள். துருவி வருவதை விட்டுவிடுங்கள், ஸ்டார்ச்சுக்கும் செல்லுலோஸுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பானேன்? அமெரிக்காவுக்கு நல்ல சீஸ் செய்யத் தெரியாது என்பதும் பழைய கேலி. 2019-இல் இத்தாலியின் பெர்கமோவில் நடந்த உலக சீஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கியது ஆரெகான் மாநிலத்து நீல சீஸ்.

அப்புறம் சைவம். பாலைத் திரிய வைக்கும் ரெனெட் என்ற நொதி பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இத்தாலியின் அசல் பார்மேசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ சட்டப்படி அதில்தான் செய்யப்பட வேண்டும், ஆகவே அது உங்களுக்கு ஆகாது. அமெரிக்காவிலோ நுண்ணுயிர்கள் மூலம் தயாரிக்கும் நொதிக்கு 1990-இல் அனுமதி கிடைத்தது. இன்று அங்கே செய்யும் சீஸில் பெரும்பகுதி அதில்தான் உறைகிறது. நக்கல் செய்யும் சூப்பர் மார்க்கெட் செடார் பல சமயம் சைவமாக இருக்கும், மெச்சும் இத்தாலியப் பார்மிஜானோ அசைவம். சிக்கல் என்னவென்றால் அங்கே நம் ஊர்ப் பச்சைப்புள்ளி கிடையாது. லேபிளில் வெறுமனே 'என்சைம்ஸ்' என்று மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது. 'மைக்ரோபியல்' அல்லது 'வெஜிடேரியன்' என்று சேர்த்துப் போட்டிருப்பதை எடுங்கள். இல்லாவிட்டால் லேபிளில் உள்ள இலவச எண்ணுக்கு மகனை விட்டு ஒரு ஃபோன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.