மாட்டுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை: பழைய லென்ஸ் கேள்வி-பதில்

ரோல் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுகிறவர்கள், வீட்டில் இருக்கும் பழைய லென்ஸ்களைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவின் நிக்கான் எஃப்எம்10 கேமராவோடு 50 எஃப்1.8, 28 எஃப்2.8, 135 எஃப்3.5 என்று மூன்று லென்ஸ் இருக்கிறது. மூன்றும் கையால் ஃபோகஸ் செய்கிறவை. "நிக்கான் லென்ஸ் எந்த நிக்கானிலும் மாட்டும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, செகண்ட் ஹேண்டில் டி5600 வாங்கினேன். லென்ஸ் மாட்டுகிறது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் காட்டவில்லை. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் தவிர வேறு எந்த மோடிலும் கிளிக் ஆகவில்லை. கேமரா பழுதா? (சேலம்)

பதில்: பழுதில்லை. கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த "மாட்டும்" என்ற ஒரு சொல்லால் காசு போனவர்களுடையது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிக்கானின் எஃப் மவுன்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம், 1959-ல் வந்தது. அந்த வளையத்தின் அளவு டிஜிட்டல் எஸ்எல்ஆர் வரை மாறவில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே தகவல் போகும் வழிதான் பல தடவை மாறியிருக்கிறது. 1977-ல் ஏஐ என்ற முறை வந்தது. அந்த லென்ஸ்களின் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை) வளையத்தில் பின்பக்கமாக ஒரு சின்ன மேடு இருக்கும். கேமராவின் மவுன்ட்டைச் சுற்றி, நகரக்கூடிய ஒரு சிறு நெம்பு இருக்கும். லென்ஸ் மாட்டும்போது மேடு நெம்பைத் தள்ளும். அப்பர்ச்சர் எத்தனை ஸ்டாப் (படி) மூடியிருக்கிறது என்று மீட்டர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் (உங்கள் டி5600-ம் இதில் சேர்த்தி) அந்த நெம்பு கிடையாது. லென்ஸில் சிப் இருந்தால்தான் அவற்றுக்கு மீட்டர். உங்கள் மூன்று லென்ஸிலும் சிப் இல்லை.

நெம்பு உள்ளவை: டி7000, டி7100, டி7200, டி300, டி610, டி700, டி750, டி810. இவற்றில் மெனுவுக்குள் போய், சிப் இல்லாத லென்ஸுக்கான இடத்தில் ஃபோக்கல் நீளத்தையும் (50, 28 என்ற எண்) அதிகபட்ச அப்பர்ச்சரையும் (எஃப்1.8, எஃப்2.8 என்ற எண்) பதிந்துவிட்டால் போதும். மீட்டர் ஓடும், அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டரைக் கேமராவே வைக்கும் ஏ மோடும் வேலை செய்யும். டி7500-ஐ மட்டும் கவனியுங்கள். எண் பெரிது, டி7200-க்குப் பிறகு வந்தது. ஆனால் அதில் இந்த நெம்பை எடுத்துவிட்டார்கள். "புது மாடல் என்றால் எல்லாம் இருக்கும்" என்று அதை வாங்கி வருந்துகிறவர்கள் நிறைய.

ஆட்டோஃபோகஸிலும் இதே கதை. ரோல் காலத்து ஏஎஃப், ஏஎஃப்-டி என்ற ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் மவுன்ட்டில் தட்டையான ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது சுழன்றால்தான் லென்ஸ் ஃபோகஸ் ஆகும். டி3000, டி5000 வரிசையில் அதுவும் இல்லை. இந்த லென்ஸ்களை இஸட் வரிசை மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாதது) மாட்ட நிக்கானே விற்கும் எஃப்டிஸட் அடாப்டரிலும் இல்லை. இஸட் கேமராவில் ஏஎஃப்-டி லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸ் மட்டும் உங்கள் கையில்.

ஆகவே கடையில் "மாட்டுமா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மீட்டர் ஓடுமா, ஆட்டோஃபோகஸ் ஆகுமா, தூரத்துப் பொருள் தெளிவாக விழுமா, எந்தெந்த மோடில் கிளிக் ஆகும்? இந்த நான்கையும் கேளுங்கள். உங்கள் லென்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை யாரிடமும் நிரூபிக்க முடியாது.

இப்போதைக்கு எம் மோடிலேயே எடுக்கலாம். நல்ல வெயிலில் எஃப்16, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200-ல் தொடங்கி ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்துங்கள். எஃப்எம்10 வ்யூஃபைண்டரின் நடுவில் பிளவுபட்டுத் தெரியும் வட்டம் இதில் இல்லை. எனவே ஃபோகஸ் சரியானதும் இடது மூலையில் எரியும் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். 50 லென்ஸை 1.8-ல் முழுக்கத் திறந்து எடுக்கும்போது அந்தப் புள்ளியையும் நம்ப வேண்டாம். பின்திரையில் பார்க்கும் லைவ் வ்யூவில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கிளிக் செய்ய வேண்டும். அதே கடையில் வித்தியாசம் கொடுத்து டி7100 அல்லது டி7200-க்கு மாற்றித் தருவார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். நாள் ஆக ஆக அவர்களுக்கு மனம் வராது.

கேள்வி: தாத்தாவின் 1960-களின் நிக்கான் லென்ஸ் ஒன்று, 50 எஃப்1.4. என் டி7200-ல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அழுத்தித் திருப்பலாமா? (மதுரை)

பதில்: கையை எடுங்கள். ஏஐ-க்கு முந்தைய லென்ஸின் அப்பர்ச்சர் வளையம் முழு வட்டமாக இருக்கும். மேலே சொன்ன நெம்பு ஒதுங்க அதில் வெட்டு இல்லை. அழுத்தித் திருப்பினால் நெம்பு வளையும் அல்லது ஒடியும்.

அடையாளம் காண்பது சுலபம். ஏஐ லென்ஸில் அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசை இருக்கும். இரண்டாவது வரிசை பின்விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில். வளையத்தின் மேல் இருக்கும் முயல்காது போன்ற உலோகத் துண்டில் ஓட்டை இருந்தால் ஏஐ, கெட்டியாக இருந்தால் பழசு. நல்ல மெக்கானிக் வளையத்தைக் கழற்றி, தேவையான அளவு அரத்தால் சீவிக் கொடுப்பார். லென்ஸைக் கழற்றாமலேயே அரம் போடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், உலோகத் தூள் உள்ளே போய்விடும். நெம்பை மேலே மடக்கிவிடும் வசதியுள்ள நிக்கான் டிஎஃப், அல்லது அடாப்டரோடு ஏதாவது ஒரு மிரர்லெஸ் இருந்தால் சீவவே வேண்டாம்.

கேள்வி: யாஷிகா எலக்ட்ரோ 35-ன் லென்ஸைக் கழற்றி சோனியில் மாட்ட அடாப்டர் கிடைக்குமா? (தஞ்சாவூர்)

பதில்: கிடையாது. அந்த லென்ஸ் உடலோடு சேர்ந்தது, கழற்றும் வகையே இல்லை.

கேள்வி: கேனான் எஃப்டி லென்ஸ்களை ஈஓஎஸ் டிஜிட்டலில் மாட்ட, உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் வாங்கினேன். படங்கள் பால் ஊற்றியது போல் வெளுத்து வருகின்றன. லென்ஸ் போய்விட்டதா? (ஈரோடு)

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. குற்றவாளி அந்தக் கண்ணாடி. எஃப்டி லென்ஸ், ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தூரத்தில் உட்காரும்படி செய்தது. ஈஓஎஸ் கேமராக்களின், 1987-ல் வந்த ஈஎஃப் மவுன்ட்டில் அந்தத் தூரம் 44 மி.மீ. ஆகவே லென்ஸ் ஏற்கெனவே 2 மி.மீ. தள்ளிப் போகிறது, அடாப்டரின் தடிமன் அதற்கு மேல். அப்படியே விட்டால் கிட்டத்தில் உள்ளது மட்டும் தெளியும், தூரத்தில் எதுவும் தெளியாது. அதைச் சரிக்கட்டத்தான் உள்ளே ஒரு மலிவுக் கண்ணாடி. லென்ஸின் கூர்மையைக் கெடுப்பதே அதுதான். இந்த மாதிரி அடாப்டருக்கு நானும் காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன், எந்த அப்பர்ச்சரிலும் அது தேறவில்லை.

எஃப்டி வைத்திருப்பவர்களுக்கு மிரர்லெஸ்தான் வழி. சோனி இ-யில் அந்தத் தூரம் 18 மி.மீ., கேனான் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இஸட்டில் 16, ஃபியூஜி எக்ஸில் 17.7. மீதி இடைவெளியை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடும், நடுவில் கண்ணாடி தேவையில்லை. வாங்கும்போது உள்சுவரைப் பாருங்கள்: பளபளவென்றிருந்தால் வெளிச்சம் எதிரொளித்துப் படம் வெளுக்கும், மேட் கறுப்பாக இருக்க வேண்டும். மாட்டிய பின் லென்ஸைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. பல அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாகச் செய்கிறார்கள், அதனால் லென்ஸின் இன்ஃபினிட்டிக் குறிக்கு (∞, மிகத் தூரம்) முன்பே தூரம் தெளிந்துவிடும். அது பரவாயில்லை. குறியைத் தொட்டும் தூரத்துக் கோபுரம் தெளியவில்லை என்றால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: புது மிரர்லெஸ் வாங்கி, பழைய மினோல்டா லென்ஸை அடாப்டரில் மாட்டினால் ஷட்டர் அடிக்கவே இல்லை. கடைக்காரர் டப்பா கேமராவைத் தலையில் கட்டிவிட்டார். வழக்குப் போடலாமா? (புதுச்சேரி)

பதில்: வழக்குக்கு முன் கையேட்டைத் திறந்திருக்கலாம். மின்தொடர்பு இல்லாத லென்ஸைக் கேமரா பார்க்க முடியாது, லென்ஸே இல்லை என்று நினைத்து ஷட்டரைப் பூட்டிவைக்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை விடு என்ற அமைப்பு மெனுவில் இருக்கிறது, அதை இயக்குங்கள். கேமராவுக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸின் ஃபோக்கல் நீளத்தையும் பதியுங்கள். 135 லென்ஸை மாட்டிவிட்டு 50 என்று விட்டுவைத்தால் நடுக்கம் சரியாகத் தீராது. ஒரு கடைக்காரரைத் திருடன் என்று சொல்வதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உண்மையில் ஏமாந்தவரின் கடிதம் அடுத்து வருகிறது, படியுங்கள்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் ஆசைப்பட்டு, எம்42 திருகு லென்ஸ் ஒன்றை ஆன்லைனில் ஒரு கடையிடம் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். "ஃபங்கஸ் இல்லை, புதுசு மாதிரி" என்று போட்டிருந்தார்கள். வந்ததில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. இப்போது பதிலே இல்லை, பில்லும் தரவில்லை. (நாகர்கோவில்)

பதில்: ஐயா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இல்லை என்று எழுதி விற்ற குறை உள்ளே இருக்கிறது. விளம்பரத்தை, அவர்களோடு பேசிய செய்திகளை, பணம் போன ரசீதை, மூன்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விளம்பரத்தை அழித்துவிடுவார்கள். பிறகு லென்ஸை எஃப்2-க்கோ அதன் முழுத் திறப்புக்கோ வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து படமும் வீடியோவும் எடுங்கள். வரிசை எண் அதே வீடியோவில் தெரிய வேண்டும். லென்ஸைத் துடைக்கவோ மெக்கானிக்கிடம் கொடுக்கவோ கூடாது. துடைத்தால் சாட்சி போய்விடும்.

பில் தராததும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர் கடை நடத்துகிறவர் என்பதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. வீட்டில் கிடந்த ஒன்றை விற்ற தனிநபரிடம் வாங்கியிருந்தால் மிகக் கடினம்.

"சுத்தம் செய்தால் போச்சு" என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்தாலும் அரித்த கோடு அப்படியே நிற்கும்.

கேள்வி: பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 எஃப்1.4 லென்ஸ் டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. பாலிஷ் போட்டு மஞ்சளை எடுக்க 4,000 ரூபாய் கேட்கிறார்கள். (கோவை)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது அழுக்கில்லை. அந்த லென்ஸின் பிந்தைய வகைகளில் ஒரு கண்ணாடியில் தோரியம் சேர்த்திருக்கிறார்கள், அதன் கதிர்வீச்சால் காலப்போக்கில் கண்ணாடியே மஞ்சளாகிறது. தேய்த்தால் பூச்சு போகும், மஞ்சள் போகாது, தோரியம் கலந்த தூளும் பறக்கும். புறஊதா எல்இடி விளக்கின் கீழ் பின்கண்ணாடி மேலே தெரியும்படி சில நாள் வையுங்கள், வெளுத்துவிடும். வெயிலிலும் ஆகும், ஆனால் கவனிக்காமல் விடாதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீப்பற்ற வைக்கும்.

கேள்வி: 28 லென்ஸில் கல்யாண மேடை முழுதும் வந்தது. இப்போது பாதிதான் வருகிறது. (விருதுநகர்)

பதில்: ரோல் ஃபிலிமைவிட உங்கள் டிஜிட்டல் கேமராவின் சென்சார் சின்னது. 1.5 ஆல் பெருக்குங்கள்: 28 இப்போது 42 போல, 50 இப்போது 75 போல. கேனானில் 1.6. ஃபிலிம் அளவே உள்ள முழுச் சட்டக சென்சார் கேமரா வாங்குங்கள், அல்லது ஒரு 18 மி.மீ. லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய விவிடார் 283 ஃபிளாஷை டிஜிட்டலில் செருகலாமா? (திருச்சி)

பதில்: அளக்காமல் செருகாதீர்கள். பழைய 283 சிலவற்றில், கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும். சில டிஜிட்டல் கேமராக்கள் தாங்குவது 6 வோல்ட். ஃபிளாஷை இயக்கி, தயார் விளக்கு எரிந்த பின், அடியில் நடு முனைக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரை டிசி-யில் வைத்துப் பாருங்கள். கேமரா கையேட்டில் உள்ள அளவைவிட அதிகமென்றால் வயரில்லா ட்ரிகர் வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும், அந்த ட்ரிகர் எவ்வளவு தாங்கும் என்றும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: லென்ஸோடு வந்த தோல் உறையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். போதும்தானே? (சென்னை, பெசன்ட் நகர்)

பதில்: இன்றே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கடலோர வீட்டில் அதுதான் பூஞ்சைக்குத் தொட்டில். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை எடுத்து அப்பர்ச்சர் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுற்றிவிட்டு வையுங்கள்.