லோமிலோமி செய்தபின் கட்டைவிரல், மணிக்கட்டு வலி: பதில்

லோமிலோமி மசாஜ் செய்தபின் கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுத்து முன்கைக்கு மாறுங்கள். ஹவாயின் பாரம்பரிய மசாஜான லோமிலோமியில் நீளமான இழுப்புகளுக்கு முன்கையின் சதைப்பகுதிதான் ஏற்றது.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு: "ஒரே இடத்தில் நின்றுகொண்டே முதுகு முழுக்கத் தேய்க்கிறேன்." கோளாறு பெரும்பாலும் அங்கேதான். கால் நகராவிட்டால் அழுத்தம் முழுவதையும் தோளும் மணிக்கட்டும்தான் தரவேண்டியிருக்கும். ஹவாய் லோமிலோமி ஆசான் ஏபிரகாம் கவாயி பரப்பிய முறையில் மசாஜ் மேசையைச் சுற்றி நடனம்போல அடியெடுத்து வைப்பார்கள். பார்க்க அலங்காரமாகத் தெரியும்; உடல் எடையைக் கைக்குக் கொண்டுவரும் வழியே அதுதான்.

சோதித்துப் பாருங்கள்: மூச்சை அடக்காமல், இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே இழுப்பு. முடிவில் எடை முன்காலுக்கு வந்து பின்குதிகால் தூக்கியிருந்தால் சரி. கையை நீட்டி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் நீங்கள் நகரவே இல்லை. மேசை உயரமாக இருந்தாலும் இதே கதைதான், கொஞ்சம் இறக்குங்கள். எண்ணெயில் சிக்கனம் வேண்டாம்.

இரவில் விரல்கள் மரத்துப்போனால் இந்தத் திருத்தம் போதாது, மருத்துவரைப் பாருங்கள். படுத்திருப்பவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் அந்தக் காலைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.