புதுக் கார் நசுங்கிவிட்டது: திருத்துவதா, விடுவதா?

கேள்வி: நான் கொட்டகலையில் ஆசிரியை. ஒன்பது வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தோடு லீசிங்கும் போட்டு, நான்கு மாதத்துக்கு முன்புதான் புத்தம் புது ஹைபிரிட் கார் எடுத்தோம். பதினொரு நாளைக்கு முன் நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது, பனிமூட்டத்தில் ஒரு முடக்கில் எதிரே வந்த லொறி எங்கள் பக்கம் ஏறிவிட்டது. காரின் வலது முன்பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. முன் ஏர்பேக் இரண்டும் வெடித்தன. பின்னால் குழந்தை இருக்கையில் இருந்த ஐந்து வயது மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் பதிந்த தழும்பு. எக்ஸ்ரேயில் முறிவில்லை என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் சிலை பறந்து என் கணவரின் நெற்றியில் பட்டு மூன்று தையல். கராஜில், "புதுசு மாதிரியே ஆக்கித் தாறேன் டீச்சர்" என்கிறார்கள். கணவர் விற்றுவிடு என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இருமினால் நெஞ்சு வலிக்கிறது. கண்ணை மூடினால் லொறியின் லைட்தான் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: டீச்சர், கார் கராஜில் நிற்கட்டும். முதலில் உங்கள் வயிற்றில் இருக்கும் தழும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

எக்ஸ்ரே முக்கியமாக எலும்பைத்தான் காட்டும். அதிலும் நெஞ்செலும்பு, விலா எலும்புகளில் விழுந்த மெல்லிய வெடிப்பு பல வேளை அதில் தெரிவதில்லை. குடலில் பட்ட காயம் பெரும்பாலும் தெரியாது. பெல்ட் வயிற்றில் பதியும் அளவுக்கு இழுத்திருந்தால் குடலும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் சவ்வும் நசுங்கியிருக்கலாம். அந்தக் காயம் முதல் நாள் அமைதியாக இருந்துவிட்டு இரண்டு மூன்று நாளிலோ, சில வேளை வாரக்கணக்கிலோ தலைகாட்டும். வயிறு உப்பினால், கல்போல் இறுகினால், சாப்பிட்டது தங்காமல் வாந்தி வந்தால், காய்ச்சல் வந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. தலையில் அடிபட்ட உங்கள் கணவருக்கும் இதே விதிதான். தலைவலி நாளுக்கு நாள் கூடினாலும், அடிக்கடி வாந்தி வந்தாலும், வழமைக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலும் தாமதிக்கக் கூடாது. இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் நீங்கள் இந்த வாரம் மறுபடி டொக்டரிடம் போய், "பெல்ட் தழும்பு இருக்கிறது, பதினொரு நாளாகிறது" என்று வாய்விட்டுச் சொல்லி வயிற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இருமும்போது வரும் நெஞ்சு வலி நான்கு முதல் ஆறு வாரம் வரை இழுக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கி நிமோனியா வரலாம். விழித்திருக்கும் நேரம் மணிக்கு ஒரு தடவை, தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பத்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். இருமும்போதும் அதே தலையணைதான் துணை.

இனி கார். முன்பக்கம் அவ்வளவு மோசமாக நசுங்கியதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். பம்பருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பெட்டிபோல் மடித்த இரும்புச் சட்டங்கள் இருக்கின்றன. மோதும்போது அவை வரிசையாக மடிந்து, லொறியின் வேகத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும்படித்தான் செய்யப்பட்டவை. மடியாமல் நின்றிருந்தால் அந்த வேகம் உங்கள் உடம்புக்கு வந்திருக்கும். நீங்கள் நேசித்த கார் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் ஒரு தடவை மடிந்த சட்டம் இரண்டாம் தடவை அதே மாதிரி மடியாது. கேஸ் டோர்ச்சால் சூடாக்கி இழுத்து நேராக்கினால், பார்வைக்கு நேராக இருந்தாலும் உரமேற்றிய அந்த இரும்பு தன் பலத்தை இழந்துவிடும். "புதுசு மாதிரியே" என்ற சொல்லை நாங்கள் நம்பாதது இதனால்தான். வெளித்தகடும் பெயின்ட்டும் புதிதாகும். உள்ளே இருப்பது என்ன ஆகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

ஆகவே திருத்துவதா விடுவதா என்பதை உங்கள் ஆசையும் தீர்மானிக்க வேண்டாம், கணவருடைய பயமும் தீர்மானிக்க வேண்டாம். நசுங்கல் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் கதவு அன்று கையால் திறந்ததா, நெம்பித் திறந்தார்களா? மெட்டைத் தூக்கிவிட்டுப் பார்த்தால், கால் வைக்கும் இடத்துத் தகடு மேடாகியிருக்கிறதா? முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூண் அடியில் மடிந்திருக்கிறதா? கூரையில், நடுத் தூணுக்கு மேலே, ஒரு சுருக்கம் தெரிகிறதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால், ஆட்கள் உட்காரும் கூடே வளைந்திருக்கிறது. அந்தக் காரை விட்டுவிடுங்கள். கூடு சரியாக இருந்து, நசுங்கல் முன் ஷொக் அப்சோர்பர் பொருத்தும் மேட்டுக்கு முன்னாலேயே நின்றிருந்தால், நல்ல கையில் திருத்தலாம்.

நல்ல கை என்றால், காரைச் சேசிஸ் இழுக்கும் மேசையில் ஏற்றி, கம்பனி அளவுப் படத்தோடு ஒப்பிட்டு, குறுக்கு அளவுகளை எழுதித் தரும் இடம். 3 மில்லிமீற்றருக்கு மேல் பிசகு இருந்தால் வேலை முடியவில்லை. மடிந்த சட்டத்தைக் கம்பனி சொன்ன மூட்டில் கழற்றிப் புதியது பொருத்துகிறார்களா என்று கேளுங்கள். "ஹாஃப் கட் ஒன்று (வேறு காரில் வெட்டிய முன்பாதி) கிடக்கிறது, முன்பக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டிவிடலாம்" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தூணில் வெல்டிங் போட்டு ஒட்டிய இரண்டு அரைக் கார்கள் அடுத்த மோதலில் அந்தக் கோட்டிலேயே பிரியலாம்.

ஏர்பேக் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பணத்துக்காகக் கைவைக்கும் முதல் இடம் அதுதான். பை மட்டும் மாற்றினால் போதாது. முன் பெல்ட் இரண்டும், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிளும், முன் சென்சர்களும் மாற வேண்டும். விபத்தைப் பதிவு செய்துகொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற வேண்டும். பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். தோளுக்கு மேலுள்ள வளையத்தில் உரசிய இடத்தில் நூல் உருகி மினுங்கும். ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். உங்கள் எடையைத் தாங்கிய அடையாளம் அது. பல வேளை பெல்ட் இழுபடாமல் இறுகியே நிற்கும், ஏனென்றால் மோதும் நொடியில் உங்களை இருக்கையோடு இழுத்துப் பிடிக்கும் சிறு வெடிமருந்து ஒரு தடவைதான் வெடிக்கும். கழுவி மாட்டினால் அடுத்த தடவை அது வெறும் நாடா. காரை எடுக்கும் அன்று சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். அது எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், வேறொரு விளக்கோடு சேர்ந்து அதே நொடியில் அணைந்தாலும், பை இல்லாமல் வயரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். ஸ்கேன் பண்ணிய அறிக்கையை அச்சடித்து வாங்குங்கள். மகளைக் காப்பாற்றிய குழந்தை இருக்கையையும் மாற்றிவிடுங்கள். வெளியே தெரியாத வெடிப்பு அதில் இருக்கலாம். அதையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள்.

வீல் அலைன்மன்ட் தாளில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரத்தின் உள்வெளிக் கோணத்தை மட்டும்தான் திருகித் திருத்தலாம். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் அளவு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டும் அமைப்பிலேயே வருபவை. அவை சிவப்பில் நின்றால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையோ, நக்கிளோ, சட்டமோ இன்னும் வளைந்திருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பிறகு ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை இறங்கி, திரும்ப ஏறிப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஏற்றத்தில் ரேடியேட்டர், விசிறியின் குறை வெப்ப முள்ளிலோ எச்சரிக்கை விளக்கிலோ தெரிந்துவிடும். சமதரையில் அது ஒளிந்துகொள்ளும். பொனட்டுக்குள் செம்மஞ்சள் நிற வயர் ஓடினால் அது உயர் மின்னழுத்தம், ஹைபிரிட் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது.

பண விடயம். கார் கராஜில் கிடந்தாலும் லீசிங் தவணை நிற்காது. கார் மொத்த இழப்பு என்று தீர்ந்தால் காப்புறுதிப் பணம் முதலில் லீசிங் கம்பனிக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும் பெறுமதியை இன்றே பாருங்கள். 2025இல் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு விலைகள் ஒரு நிலையில் இல்லை. 80 இலட்சம் பெறுமதியான காரை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பல பத்திரங்களில் திருத்தச் செலவிலும் முக்கால் பங்குதான் தருவார்கள். கழற்றும்போது புதிய சேதம் தெரிந்தால், வேலையைத் தொடருமுன் மதிப்பீட்டாளரை மறுபடி வரவழையுங்கள். பழைய பாகங்களை எறியவிடாதீர்கள். நாங்கள் சொன்ன சோதனைகள் முடியும் வரை "திருப்தி" என்று எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். கம்பனியோடு பேசியும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) எழுத்தில் முறையிடலாம்.

லொறியின் லைட் கண்ணுக்குள் வருவது உங்கள் மனம் பலவீனம் என்பதால் அல்ல. முதல் மாதத்தில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டால், அந்த வழியையே தவிர்த்துத் திரிந்தால், மனநல டொக்டரைப் பாருங்கள். மனநல உதவித் தொலைபேசியான 1926க்கு எந்த நேரமும் பேசலாம். மகள் விளையாட்டுக் கார்களை மோதவிட்டு மோதவிட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், அவள் அப்படித்தான் அதைச் சொல்லித் தீர்ப்பாள். டொக்டர் சம்மதித்ததும் முதலில் வேறு ஒருவர் ஓட்ட, பகல் வெளிச்சத்தில், பனி இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். பிறகு கொட்டகலைக்குள் மட்டும் நீங்கள் ஓட்டுங்கள். அந்த முடக்கு கடைசி. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரை 'B' அல்லது 'L' நிலையில் (நிறுத்தும் 'P' அல்ல) வைத்து இறக்குங்கள். பனியில் உயர் ஒளி வேண்டாம், அது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

பிள்ளையாரை எந்தக் காராக இருந்தாலும் மறுபடி வையுங்கள், ஆனால் சிலையாக வேண்டாம். இடது பக்க ஏர்பேக் டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டு மேலே வருவது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதன் மேல் எது இருந்தாலும் முகத்துக்குத்தான் வரும். மீற்றருக்குப் பக்கத்தில், ஸ்டியரிங்குக்கு வலப்புறம், தட்டையான சின்னப் படமாக ஒட்டுங்கள்.