ஆஸ்திரேலியக் கால்பந்தே தெரியாமல் வளர்ந்த ஜிம் ஸ்டைன்ஸ் எப்படி அதில் இவ்வளவு பெரிய வீரரானார்?

அவர் டப்ளின்காரர். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் உருண்டைப் பந்தோடு வளர்ந்தவர். 1984-ல் மெல்போர்ன் அணி அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, நீள்வட்டப் பந்தை உதைக்கவே முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1987 அரையிறுதி. அதில் வென்றால் இறுதிப்போட்டி. ஹாத்தார்ன் அணியை எதிர்த்து மெல்போர்ன் 4 புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் எதிரணி வீரர் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது, தூரமோ அதிகம். ஸ்டைன்ஸ் விதி மறந்து அவர் முன்னால் குறுக்கே ஓடிவிட்டார். தண்டனையாகப் பந்து 15 மீட்டர் முன்னே போனது. ஆட்டம் முடிந்த மணிக்குப் பிறகு அந்த உதையில் கோல் விழுந்தது; ஒரு கோலுக்கு 6 புள்ளி, அதனால் 2 புள்ளியில் தோல்வி.

அறிமுகமான வருஷமே இப்படி ஒரு அடி விழுந்தால் பலர் ஊர் திரும்பியிருப்பார்கள். அவர் திரும்பவில்லை. 1991-ல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தையே வென்றார். அப்புறம் அந்த 244 ஆட்டங்கள்! 1987 முதல் 1998 வரை ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து ஆடினார். உயரத்தை மட்டும் நம்பாமல் மைதானம் முழுக்க ஓடியதுதான் அவருடைய பலம் என்பேன். மொத்தம் 264 ஆட்டங்கள்.

பிறகு 2008-ல், கடனில் தத்தளித்த அதே அணிக்குத் தலைவரானார். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அந்தக் கடனை அடைத்தார். 2012-ல் காலமானார்.